வெள்ளையாகவே இருந்த தாள்

வேலூரில் ஒரு கல்லூரியின் ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தப் பெண் போன் செய்தபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். ஆம்பூரில் மூடிவிட்ட ஒரு தோல் தொழிற்சாலையின் பழைய காகிதங்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருக்கின்றன, அதில் ஆய்வகத்து நோட்டுகளும் இருக்கின்றன, வேதியியல் தெரிந்த யாராவது படித்துச் சொன்னால்தான் எந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று அட்டை எழுத முடியும் என்றாள். நான் ஓய்வுபெற்ற பள்ளி வேதியியல் ஆசிரியை. ஓய்வு என்றால் ஓய்வாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"உங்க காலேஜ்லயே கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் இருக்கே, அவங்கல்லாம் இன்னா பண்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க யாருக்கும் இந்தக் கையெழுத்து புரியல மேடம்."

எந்தத் தொழிற்சாலை என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். பெயரைச் சொன்னாள். மறுநாள் காலை எட்டரை மணிக்கே போய்க் காப்பகத்தின் வாசலில் நின்றேன். பத்து மணிக்குத்தான் திறந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையில்தான் என் தம்பி கெமிஸ்டாக இருந்தான். அங்கேதான் ஒரு மனிதர் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிச் செத்துப்போனார். சோதனை செய்யாமலே இறங்கச் சொல்லி அவரைக் கொன்றவன் என் தம்பி என்று ஊர் சொன்னது. இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன் என்று அவன் சொன்னான். ஊரை நம்பியவர்களில் நானும் ஒருத்தி. தம்பி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் சொன்னது பொய்யா நிஜமா என்று நான் கண்ணை மூடுவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் போனேனே தவிர, சமூக சேவை செய்ய இல்லை.

தோலிலிருந்து மயிரை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு நீரும் அமிலக் கழிவும் குழியில் கலந்தால் விஷ வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் நாற்றத்தை நம்பி இறங்க முடியாது. வாயு ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதனால் தம்பி ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஈய அசிட்டேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய தாளை ஈரமாக்கி, நூலில் கட்டிக் குழிக்குள் இறக்குவான். வாயு இருந்தால் தாள் கறுத்துவிடும். கறுத்தால் அன்றைக்கு வேலை நிற்கும். வெள்ளையாக மேலே வந்தால் ஆட்கள் இறங்கலாம். பிறகு அந்தத் தாளை நோட்டில் ஒட்டி, தேதியும் நேரமும் போட்டு வைப்பான். "நாளைக்கு சூப்பர்வைசர் பேச்ச மாத்துவாருக்கா, அதான்" என்பான். வேறு எங்கும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கெமிஸ்ட் சார் கிளி ஜோசியம் பார்க்கிறார் என்று அங்கே வேலை செய்தவர்கள் கேலி செய்வார்களாம்.

விபத்து நடந்த அன்று ஒருவர் இறங்கினார், விழுந்தார். தூக்கப் போன இன்னொருவரும் மயங்கினார். தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி இரண்டு பேரையும் மேலே ஏற்றினான். இரண்டாவது ஆள் பிழைத்தார். முதல் ஆள் பிழைக்கவில்லை. மறுநாளே ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள், நோட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கெமிஸ்ட் சோதனையே செய்யவில்லை என்று நிர்வாகம் கை கழுவிவிட்டது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, சாட்சி இல்லாமல் ஒன்றுமில்லாமல் போனது. அதற்குப் பிறகு எந்தத் தொழிற்சாலையும் அவனை உள்ளே விடவில்லை. குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையில் சரக்கை மடித்துக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டேன். தாளைக் குழிக்குள் இறக்கியது நிஜமா? நிஜம்தான் அக்கா என்பான். நிறம்? வெள்ளையாகத்தான் இருந்தது என்பான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மனிதர் மயங்கி விழுகிற அளவுக்கு வாயு இருந்த குழியில் ஈயத்தாள் வெள்ளையாக இருக்கவே முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் சொல்லியே விட்டேன்.

"ஈயத்தாள் பொய் சொல்லாதுடா. மனுஷன்தான் பொய் சொல்வான்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். "மோர் ஊத்துக்கா" என்றான்.

காப்பகத்தில் கைக்குப் பருத்தி உறை கொடுத்தார்கள். பேனா கூடாது, பென்சில்தான் என்றார்கள். நோட்டைத் திறந்தால் தூள் பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். மே மாதத்து வேலூரில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தத் தியாகம் புரியும். மூன்று நாள் வரிசையாகப் படித்தேன். குரோமியம் ஏறிய தோல் துண்டைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து, பிறகு கொதிநீரில் போட்டெடுத்து அதே கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சுருங்காமல் கோட்டை நிரப்பினால் தோல் பதமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கோடு போட்ட பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சிலவற்றில் துண்டையே ஒட்டிவைத்திருந்தான். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த துண்டுகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஈயத்தாள்கள்.

அந்தத் தாள்கள் எல்லாமே பழுப்பாக இருந்தன. பக்கத்தில் வெள்ளை என்று எழுதியிருந்தவையும் பழுப்புத்தான். அந்தப் பெண் பயந்துபோனாள்.

"இன்னா மேடம் இது, எழுதினது ஒண்ணு, கலர் ஒண்ணு?"

"ஒண்ணும் பயப்படாதம்மா. இந்தத் தோல்லருந்து கந்தகம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு. ஈயம் எங்க இருந்தாலும் அது புடிச்சிக்கும். நோட்டை மூடி வெச்சாலும் உள்ள வேலை நடந்துட்டேதான் இருக்கும்" என்று சொன்னேன். வகுப்பெடுத்துப் பல வருடமாயிற்று, அவள் வாயைப் பிளந்து கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி நோட்டு மூன்றாம் நாள் மதியம் கைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் தாளைப் பிய்த்தெடுத்த அடையாளமாகப் பசை மட்டும் இருந்தது. அதைத் தாண்டி நாலைந்து பக்கம் அவசரமாகப் புரட்டியதும் அந்தத் தேதி வந்துவிட்டது. காலை 10.20. இரண்டாவது குழி. வெள்ளை. இறங்கலாம். பக்கத்தில் ஒரு சொல்லை மைப் பேனாவால் கெட்டியாக அடித்துவிட்டு 'புதுத் தாள்' என்று எழுதியிருந்தான். கீழே தாள் ஒட்டியிருந்தது.

அது வெள்ளையாகவே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் தம்பி பொய் சொல்லல, என் தம்பி பொய் சொல்லல" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவளிடம் எல்லாக் கதையையும் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு நோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல மாணவி கேட்பதைப் போலக் கேட்டாள்.

"எல்லாத் தாளும் பழுப்பாயிடுச்சே மேடம். இது மட்டும் ஏன் ஆகல?"

அதற்கு முந்தைய பக்கங்களைப் பார்த்தேன். கடைசி ஐந்து தாள்களும் நேற்று வெட்டி ஒட்டியதைப் போல இருந்தன. ஐந்திலும் அதே போல ஒரு சொல் அடிக்கப்பட்டு, புதுத் தாள் என்று எழுதப்பட்டிருந்தது. முதல் நாலு முறையும் ஆட்கள் இறங்கி நல்லபடியாக ஏறியிருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பி, பின்புறம் விரலால் தடவினேன். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதுகிறவன் அவன். அடித்த சொல் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. அக்கா. அவன் முதலில் எழுதியிருந்தது 'அக்கா தாள்'.

விபத்துக்குச் சில நாள் முன்னால், என் பள்ளியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம் அது. தேர்வுக்கு முன்னால் உப்புப் பாட்டில்களின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு வெறும் எண்ணை ஒட்டிவிடுவோம், பிள்ளைகள் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று. எந்த எண் எந்த உப்பு என்கிற துண்டுச் சீட்டு வெளித் தேர்வாளரிடம் இருக்கும். தம்பி பைக்கை அணைக்காமல் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தான். "பேஜாரா போச்சுக்கா, லெட் அசிட்டேட் தீந்துட்ச்சு, மெட்ராஸ்லருந்து சரக்கு வர ஒரு வாரம் ஆவுமாம். கொஞ்சம் தாள் பண்ணிக் குடேன்" என்றான். சாயந்தரம் வா என்று அனுப்பினேன். ஏழாம் எண் பாட்டிலைத் திறந்தேன். வெள்ளைப் படிகம், வினிகர் வாசனை. அசிட்டேட்தான், எங்கள் அலமாரியில் ஈய அசிட்டேட் ஒன்றுதானே இருக்கிறது என்று நினைத்தேன். வடிதாளை வெட்டி ஊறவைத்து, உலர்த்தி, உறையில் போட்டு வைத்தேன். அந்த வருடம் யாரோ துத்தநாக அசிட்டேட்டும் வாங்கி வைத்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது, பின்னால் இருப்புக் கணக்கு எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. அதுவும் வெள்ளைதான், அதற்கும் வினிகர் வாசனைதான். ஆனால் அது வாயுவோடு சேர்ந்தாலும் வெள்ளையாகவே இருக்கும்.

ஒரு சொட்டு பொட்டாசியம் அயோடைடு விட்டுப் பார்த்திருந்தால் போதும். ஈயமாக இருந்தால் மஞ்சளாகியிருக்கும். அந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உறுதிச் சோதனை செய்யாமல் விடை எழுதிய எத்தனை பிள்ளைகளுக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்! அவன் ஏன் சோதித்துப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அக்கா கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கிற தம்பி எங்கே இருக்கிறான்?

அதற்கு அடுத்த பக்கத்தையும் திருப்பினேன். திருப்பாமலே இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அதே தேதி, சாயந்தரம். இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று, பசை மட்டும் மிஞ்சியிருந்த அந்தப் பக்கத்திலிருந்து பிய்த்தெடுத்த பழைய தாள். மற்றொன்று நான் கொடுத்தது. "சல்பைடு கரைசலில் நேராக முக்கியது. பழைய தாள்: உடனே கறுப்பு. புதுத் தாள்: வெள்ளை. மூன்று முறை. இதில் ஈயம் இல்லை." இந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் ஒன்றும் கிடையாது. அக்கா என்ற சொல்லே கிடையாது. உறுதிச் சோதனையை அவன் செய்துவிட்டான். மற்ற பக்கங்களில் இருந்த அக்காவை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்திருக்க வேண்டும்.

அவனுக்குத் தெரியும். அன்று சாயந்தரமே தெரியும். அரசுப் பள்ளிப் பாட்டில், அரசுப் பள்ளி வாத்தியார். வாயைத் திறந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான், என் வேலை போயிருக்கும், போலீஸ் என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். போலீஸ் நிலையத்தில் சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் அவனைப் பொய்யன் என்றபோதும் சொல்லவில்லை. படுபாவி, என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் அவனை அடித்திருப்பேன், கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

அட்டை எழுத வேண்டிய நேரம் வந்தது. நோட்டின் பெயர், பக்கங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் பொருள்கள், அவற்றைச் செய்தவர் யார் என்று வரிசையாகக் கட்டங்கள். அந்தப் பெண் பென்சிலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கப் பார்த்தாள்.

"தாள் பண்ணவங்க பேரு தெரியலன்னு போட்டுடலாம் மேடம். நெறைய அட்டைல அப்படித்தான் இருக்கு."

"தெரியுமேம்மா" என்றேன்.

துத்தநாக அசிட்டேட் தாள், ஆறு, ஈயம் என்று தவறாகக் கொடுக்கப்பட்டவை என்று எழுதினேன். செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதினேன். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. குழியில் செத்தவரின் மனைவி நாட்றம்பள்ளிப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற வாரம் போகிறேன். அவர் என்னை என்ன செய்தாலும் சரி.

தம்பியிடம்தான் போக முடியாது. ராத்திரி பகல் என்றில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மோர் கேட்டது ஞாபகம் இருக்கிறது. நான் கோபத்தில் எழுந்து உள்ளே போனதும் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து அவனுக்கு மோர் ஊற்றினேனா என்பதுதான் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரவில்லை.