வராத பிக்கப்பும் விசாரணை மேஜையும்

வண்டி விற்கும் ஷோரூமில் விசாரணை மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு ஒரே வேலைதான்: இல்லாத வண்டியைக் கேட்டு வருகிறவரை இருக்கிற வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. டிக்கெட் ஜன்னல், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி கவுன்டர் என்று எதன் பின்னாலாவது உட்கார்ந்து நாள் முழுவதும் "இல்லை" சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் எல்லோரும் எனக்கு உறவு. உங்களுக்குத்தான் இது புரியும்.

என் கணவர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கொஞ்ச காலத்தில் என்னிடமிருந்தும் ஓய்வு பெற்றுக்கொண்டார். வீட்டில் பிரஷர் குக்கர் ஒன்றுதான் என்னோடு பேசியது. அதனால் தெரிந்தவர் ஒருவர் டாலிகஞ்சில் நடத்தும் ஷோரூமில் இந்த மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலு மொழியில் மரியாதையாக "இல்லை" சொல்லத் தெரியும் என்பதே என் தகுதி. அதற்குச் சில வருஷம் முன்பு எங்கள் கம்பெனி ஒரு கண்காட்சியில் குட்டி பிக்கப் ஒன்றை மேடையில் நிறுத்தியிருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும், சேறானாலும் மலையானாலும் ஏறிவிடும் என்றார்கள். அது வெறும் மாதிரி. அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை. அதன் ரசிகர்களோ என் மேஜையை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமைக் குரல்

தாஸ்குப்தா பாபு பூகோளப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டி பிக்கப் ரசிகர் சங்கத்தை ஆரம்பித்தவரும் அவரே. என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை "தீதி" என்று அக்காவாக்கிவிட்டார். திங்கட்கிழமை ஷட்டர் ஏறும் சத்தமும் அவருடைய தொலைபேசி மணியும் ஒன்றாகக் கேட்கும். "ஏதாவது சேதி?" என்பார். "இல்லை" என்பேன். "இல்லையா, அல்லது வெளியே சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவா?" என்பார்.

ஒருநாள் எனக்கு ஜலதோஷம். தொண்டை கட்டி, வழக்கமான "இல்லை" இரண்டாக உடைந்து வெளியே வந்தது. மறுமுனையில் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு ஒரு சதிகாரனின் ரகசியக் குரலில் சொன்னார்: "புரிஞ்சுது தீதி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க குரல்லயே தெரியுது, வண்டி வந்துட்டிருக்கு."

மலை ஏறப் போகிறவர்

ரமணி கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. என் வாயில் தமிழைக் கேட்டதும் "மாமி!" என்று ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. பிக்கப் வந்ததும் சாந்தக்ஃபூ மலைக்கு ஏறப் போகிறார். பாறையில் எந்தச் சக்கரம் முதலில் ஏற வேண்டும், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் எதுவரை வரலாம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பேசும்போது கையைக் கற்பனை ஸ்டியரிங்கில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். என் பேனா ஸ்டாண்டு பள்ளத்தாக்கில் விழுந்தது.

இப்போது என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று கேட்டேன். வண்டி கிடையாது, வீடு மூன்றாம் மாடியில், ஆபீசுக்கு மெட்ரோ. கூட வந்திருந்த அவருடைய மனைவி அதுவரை எங்கள் விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். கீழே குனிந்து பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு என் காதருகே சொன்னாள்: "மாமி, இவர் எங்க காலனி ஸ்பீட் பிரேக்கர்லயே ஆட்டோக்காரன் தோளைத் தட்டி, மெதுவாப் போப்பான்னு சொல்றவர்."

தண்ணீர்க்காரி

மாலதி மண்டல் வேறு ரகம். சுந்தரவனப் பக்கம், ஆற்றங்கரைக் கிராமங்களுக்குக் கேனில் குடிதண்ணீர் கொண்டுபோய் விற்கிறவள். புயலில் உப்பு ஏறிய கிணறுகள் அங்கே இன்னும் இனிக்கவில்லை. அவளிடம் இருக்கிற சின்ன லோடு வண்டி மழைக்காலத்தில் கரைமேல் சேற்றில் புதைந்துவிடும். கடைசி இரண்டு கிராமங்களுக்கும் அங்கிருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர் போய்ச் சேராது. பிள்ளைகள் குளத்துத் தண்ணீரைக் குடித்து நோயில் படுத்துவிடுவார்கள். எங்களிடம் இருக்கும் பெரிய பிக்கப் சேற்றில் ஏறும், ஆனால் கரைமேல் போகும் செங்கல் பாதையின் அகலத்துக்குள் அடங்காது. யாரோ ஃபோனில் காட்டிய குட்டி பிக்கப்பின் படத்தைப் பார்த்துவிட்டு, லோக்கல் ரயில் பிடித்து வந்திருந்தாள்.

எப்போது வரும் என்று தெரியாது, வருமா என்றே தெரியாது என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கேட்கும் நிறம், சக்கர வளையம், பாட்டுப் பெட்டி எதையும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை "மாஷிமா" என்று சித்தியாக்கி ஒன்றுதான் சொன்னாள்: "மாஷிமா, அடுத்த மழைக்குள்ள வருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி."

சனிக்கிழமை அட்டா

இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்தால் அட்டா, அதாவது முடிவில்லாத அரட்டை; ஐந்து பேர் சேர்ந்தால் சங்கம்; ஆறாவது ஆள் வந்தால் சங்கம் உடையும். ரசிகர் சங்கம் சனிக்கிழமைகளில் எங்கள் சோபாவில் கூடும். கியரைக் கையால் மாற்றுவதா, தானாக மாறுவதா என்று ஒரு சனிக்கிழமை பேச்சு வந்தது. தாஸ்குப்தா பாபு கையால் என்றார். பாப்பா என்கிற வாலிபன், ஹவுராவில் பட்டறை வைத்திருப்பவன், தானாக என்றான். இல்லாத வண்டியின் இல்லாத கியருக்காக ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் அடித்தார். இன்னொருவர் ராஜினாமா செய்தார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு சங்கங்கள், இரண்டு சோபாக்கள். இரண்டு தரப்பும் என்னைத் தலைவியாக இருக்கச் சொன்னன. நடுவில் விற்பனைக்கு நின்ற வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் விற்பனை மேலாளர் சுபோ, அந்த மாதம் ஒரு வண்டியும் நகராத துக்கத்தில், காலி மண்கோப்பைகளைப் பார்த்துச் சொன்னான்: "மாஷிமா, உலகத்துலயே வாங்கறதுக்கு முன்னாடி சர்வீஸ் கேக்கற கஸ்டமர் இவங்கதான், அந்த சர்வீஸும் டீ சர்வீஸ்."

தார்ப்பாய்

சாந்த்ராகாச்சி யார்டில், சரக்கு ரயிலிலிருந்து இறக்கிய ஏதோ ஒன்று தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது, குட்டையாக இருக்கிறது என்று ஒரு புகைப்படம் பரவியது. மழைத்துளி விழுந்த லென்ஸில் எடுத்தது; ஆட்டுக்குட்டி என்றாலும் நம்பலாம். பிரிந்த இரண்டு சங்கங்களும் பகை மறந்து ஒரே டாக்ஸியில் கிளம்பின. போகிற வழியெல்லாம் எனக்கு ஃபோன். "தீதி, பின்பக்கம் உயரமா இருக்கு!" "மாஷிமா, டயர் தெரியுது!" நான் கம்பெனிக்காரர்களிடம் விசாரித்து, அப்படி எதுவும் அனுப்பவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதுவே அவர்களுக்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

காவலாளி இரக்கப்பட்டு ஓரத்தைத் தூக்கிக் காட்டினானாம். உள்ளே நெல் நாற்று நடுகிற இயந்திரம். சாயங்காலம் நனைந்து திரும்பிய பாப்பாவிடம், இனியாவது இந்த அலைச்சலை விட்டுவிடுவாயா என்றேன். தலையைத் துவட்டியபடி சிரித்தான்: "அந்தக் காவலாளிதான் கெடுத்துட்டான் மாஷிமா, தார்ப்பாயைத் தூக்கற வரைக்கும் அது நம்ம வண்டிதானே!"

கை தூக்கும் கூட்டம்

கடைசியில் தலைமை அலுவலகத்துக்கே காது கேட்டது. ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். கேட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் நிஜமாக வாங்குவார்கள் என்று அவர் நேரில் பார்த்துச் சொன்னால், வண்டியைத் தயாரிப்பதா விடுவதா என்று முடிவு செய்வார்களாம். ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டேன். மாலதி, "முதல் கை என்னுது மாஷிமா" என்றாள். கூட்ட நாளன்று விடிந்ததிலிருந்து மழை. சாந்த்ராகாச்சி பாலத்தில் நெரிசல் என்று ஹவுராக்காரர்கள் தாமதமாக வந்தாலும், வந்துவிட்டார்கள். மாலதியின் நாற்காலி மட்டும் காலி.

அதிகாரி நேரடியான மனிதர். "இந்த வண்டி வந்தால் இன்றைக்கே பதிவு செய்யத் தயாராக இருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஒரு கையும் எழவில்லை. டீசலில் வருமா என்று ஒருவர் கேட்டார். ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன விலை போகும் என்று ரமணி கேட்டார். முகப்பை மாற்றி அடுத்த வடிவம் எப்போது என்று பாப்பா கேட்டான். நான் தாஸ்குப்தா பாபுவையே பார்த்தேன். இத்தனை திங்கட்கிழமைகளையும் அந்த ஒரு பார்வையில் வைத்துப் பார்த்தேன். அவர் எழுந்து, ஒரு மாணவனுக்குச் சொல்கிற கனிவோடு அதிகாரியிடம் சொன்னார்: "தம்பி, விவரம் தெரிஞ்சவன் எவனாவது முதல் லாட் வண்டியை வாங்குவானா? ரெண்டாவது லாட்டுக்கு நான் இப்பவே கை தூக்கறேன்."

கணக்கில் வராத கை

அப்போதுதான் என் ஃபோன் அடித்தது. மாலதி. கூட்டத்துக்கு முன் தண்ணீரை இறக்கிவிட்டு ரயில் பிடிக்கலாம் என்று கிளம்பியிருக்கிறாள். வண்டி கரையிலேயே சேற்றில் இறங்கிவிட்டது. அவள் பேச்சுக்குப் பின்னால் மழை, அதற்குப் பின்னால் சக்கரம் வீணாகச் சுழலும் ஓலம். ஸ்பீக்கரில் போட்டு ஃபோனை அதிகாரியின் முன்னால் வைத்தேன். "ஸார், ஒரு கையில ஃபோன் இருக்கு, இன்னொரு கையைத் தூக்கிட்டுத்தான் நிக்கறேன், எண்ணிக்குங்க" என்றாள்.

இந்த ஒரு கைக்காகத்தான் அந்த வண்டியே என்று அதிகாரியிடம் சொன்னேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். சுபோ என் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினான். அதிகாரி நல்லவர்தான், அவர் முகத்திலும் சங்கடம் இருந்தது. ஆனாலும் பேனாவை மூடிவிட்டார்: "மன்னிக்கணும் மேடம், நேர்ல வர முடிஞ்சவங்களைத்தான் நான் எண்ண முடியும்."

பெயரை எடுத்துவிடுங்கள்

கிழக்குப் பகுதியில் தேவை உறுதியாகவில்லை என்று பதில் வந்தது. சங்கம் கண்டனக் கூட்டம் போட்டது. மூன்று சுற்று டீ போனது. மழைக்காலம் முடிவதற்குள் மாலதி வந்தாள், காத்திருப்போர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்ல. ஒரு விவசாயியிடமிருந்து பழைய டிராக்டரையும் ஒடுங்கிய டிரெய்லரையும் வாங்கிவிட்டாளாம். வழியில் கேன்கள் உருண்டு இரண்டு மூன்று விரிசல் விடுகின்றன, ஆனால் பள்ளிக்கூடம் வரை தண்ணீர் போகிறது.

சோபாவில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. டிராக்டரா, அதில் சொகுசு இருக்காதே, இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கலாமே என்று தாஸ்குப்தா பாபு உண்மையான அக்கறையோடு கேட்டார். மாலதி அவரைப் பார்த்துவிட்டு, பதிலை என்னிடம் சொன்னாள்: "மெதுவாத்தான் போகுது மாஷிமா, இடுப்பு கழண்டுடுது. ஆனா வர்றேன்னு சொன்ன அன்னிக்கு வருது."

ஆக, எங்களிடம் வண்டி கேட்டு வந்த அத்தனை பேரில் வண்டி தேவைப்பட்டவள் வேறிடத்தில் வாங்கிக்கொண்டாள்; மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது காத்திருப்பு, அது மட்டும் எங்கள் ஷோரூமில் எல்லா நிறத்திலும் உடனடியாகக் கிடைக்கும்.