ஐம்பத்தாறாயிரமாவது வருடத்து வாத்துகள்

எங்கள் தெரு கலைமகள் அக்கா பி.சி.ஏ. முடித்தவள். வேலை வேண்டுமானால் முதலில் ஒரு வெப்சைட் செய்து காட்டு என்றது ஒரு சென்னைக் கம்பெனி. தேதியைப் போட்டால், 1970 தொடக்கத்திலிருந்து அதுவரை எத்தனை நொடி என்று கம்ப்யூட்டர் எண்ணுகிற நீள நம்பர் வர வேண்டும். நம்பரைப் போட்டால் தேதி வர வேண்டும். செய்து அனுப்பினாள். கம்பெனி மூச்சு விடவில்லை. அக்கா திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்துவிட்டாள். சைட் சும்மா கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்ட தேதியைப் போட்டுப் பார்த்ததோடு சரி. பெரிய நம்பர்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு வேலை வந்தது வாத்து மேய்க்கிற காத்தானின் மந்தையால். அக்கா சித்தப்பா என்று கூப்பிடுகிற கோவிந்தராசு நாற்றுக்கு விட்ட விதை முளைக்கவில்லை. வாத்து இறங்கி விதையைத் தின்றுவிட்டதென்று மந்தையையே பிடித்து மாட்டுக்கொட்டகையில் அடைத்துவிட்டார். சாட்சிக்கு ஒரு போட்டோ: நாற்றங்கால் சேற்றில் வாத்துகள். எடுத்த மகன் பிரபு சிங்கப்பூர் போய்விட்டான். எந்த நாள் என்று ஞாபகமில்லையாம்.

“நீங்க நாத்து விடுறதுக்கு முன்னாடி எறக்குனதுங்க. நத்தை பொறுக்க நீங்கதானே கூப்புட்டீங்க?” என்றார் காத்தான். அவருக்கு அந்த மந்தைதான் சோறு.

போட்டோ ஃபைலின் பெயர் வெறும் நம்பர். அக்காவின் கண் மின்னியது. “சித்தப்பா, எடுத்த நேரம் இதுலயே இருக்கு.”

கடைமுன் கூட்டம் கூடிவிட்டது. அக்கா தட்டினாள். கி.பி. ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம் என்று வந்தது.

“யோவ் காத்தான், ஒன் வாத்து இன்னும் வயல்லயே எறங்கலயாம்யா! வீட்டுக்குப் போயிட்டு அப்பறமா வா” என்றார் டீக்கடை வீரையன்.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போன் நொடியை ஆயிரமாக உடைத்து எண்ணியிருந்தது. சைட்டுக்கு முழு நொடிதான் தெரியும். கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிப் போட்டாள். வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்று பத்து.

“படத்துல வெயில் அடிக்குதே பாப்பா!” என்றார் வீரையன்.

“அது லண்டன் டைமுங்க. அஞ்சரை மணி நேரம் கூட்டணும்.” காலை ஆறு நாற்பது என்று ஆயிற்று.

கோவிந்தராசு மீசையைத் தடவினார். “நான் நாத்து விட்டதே அந்த வெள்ளிக்கிழமதான்! மாட்டுனான் பாரு.”

“எத்தன மணிக்கு சித்தப்பா?”

“ஆளு வரவே பத்தரை ஆயிட்டு. ராகுகாலத்துல எவனாவது வெத விடுவானா? பன்னண்டுக்கு மேலதான்...” பாதியில் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

“அப்ப என் வெதய எதுதான் தின்னுச்சு?”

“அதுக்கு இன்னும் சைட் கட்டல சித்தப்பா.”

கொட்டகைக் கதவைக் கோவிந்தராசுவே திறந்தார். வாத்துகள் அவர் காலை மிதித்துக்கொண்டு கத்தியபடி வெளியே கொட்டின. காத்தான் எண்ணக்கூட இல்லை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா சைட்டில் ஏதோ சரிசெய்கிறவள்போல் போனுக்குள் குனிந்துகொண்டாள். திரை அணைந்தே இருந்தது.