எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடப்பட்ட கோல்கீப்பர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்தைக் கொட்டகைக்குப் போனேன். எங்கள் கால்பந்து அணியின் நால்வர் படுக்கும் இடம் காலியாக இருந்தது. அட்டை இல்லை, போர்வை இல்லை. தரையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். என் பையில் எங்கள் கோல்கீப்பர் முத்தையாவின் வலிப்பு மாத்திரை இருந்தது. காலை மாத்திரையை நான்தான் கொடுப்பேன்.

நம் வெள்ளிக்கிழமை பஜனையில் முருகன் உங்களுக்குச் செய்ததை எல்லோரும் சொல்கிறீர்கள். நான் இதுவரை வாய் திறந்ததில்லை. இன்று சொல்கிறேன். கேட்க இனிமையாக இருக்காது.

என்னை உங்களுக்குத் தெரியும். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து அரிசி மில்லில் மோட்டார் பராமரிப்பு பார்க்கிறேன். பட்டியல் போடாமல் எதையும் செய்யமாட்டேன். பாலிடெக்னிக்கில் கால்பந்து ஆடியவள். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் அணி சேர்த்தேன். மூன்று பேர் மில் தொழிலாளிகள். நால்வர் வீடில்லாமல் சந்தைக் கொட்டகையில் படுப்பவர்கள். அவர்களில் முத்தையா கோல்கீப்பர். நம் கேரளத்திலேயே, உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. மலையை விட்டு இறங்கியவருக்கு அப்புறம் வீடே அமையவில்லை.

முதல் வாரம் வரப்பில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். எதிரணியில் ஆடும் இளநீர் வண்டி டிரைவர் ஒருவர், "பிச்சக்கார டீமு வருதுங்கோ, சில்லற எடுத்து வையுங்க" என்று கத்துவார். மூன்றாவது ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டியை முத்தையா பிடித்தார். வரப்பு முழுக்க முத்தையாவின் பெயரைச் சொல்லிக் கூவியது. அதுவரை அந்த மனிதருக்குப் பெயர் இருப்பதே ஊருக்குத் தெரியாது. ஊர் மாறிவிட்டது என்று நம்பினேன். அது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு ஒரு தாள். அம்மன் கோயில் திருவிழாவில் எங்கள் அணி காட்சி ஆட்டம் ஆட அனுமதி கேட்டேன். விழாக் குழுவில் என் பெரியப்பா இருக்கிறார். "ஆளுக வெவரம் எழுதிக் குடு கண்ணு" என்றார். எழுதினேன். பெயர், வயது, சொந்த ஊர், படுக்கும் இடம், எழும் நேரம். மில்லில் மோட்டாருக்கு எழுதுவதைப் போல வரிசையாக எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கொட்டகையிலிருந்து நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கெல்லாம் எங்கீங்க பெரீப்பா?"

"விடு அம்மிணி. அம்மன் நோம்பிக்கு ஒறம்பரைக, சொந்தபந்தமெல்லாம் வருவாங்க. ஊரு சுத்தமா இருக்கோணுமல்லோ? விடியறதுக்குள்ள வண்டில ஏத்தி அந்தப் பக்கம் எறக்கியாச்சு. தமிழ் பேசறவங்கதான, தமிழ்நாட்டுல இருந்துட்டுப் போறாங்க. அங்க கோயிலு கோயிலா சோறு போடறாங்க."

"அந்தப் பக்கம்னா எங்கீங்க?"

"பொள்ளாச்சி ரோட்டுல எங்கியோ. ஏன், அவுங்க ஊரு ஆளுகளக் கொண்டாந்து இங்க தள்றதில்லியா?"

"முத்தையாவுக்கு வலிப்பு வருமுங்க. மாத்திரை எங்கிட்ட இருக்குது."

"அதத் தாள்ல நீ எழுதலியே" என்றார்.

எழுதவில்லைதான். நோயாளி என்று தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்று வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் மாநில எல்லை செக்போஸ்ட்டைத் தாண்டினேன். டீக்கடை, கோயில், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி என்று தேட வேண்டிய இடங்களை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒரு டீக்கடைக்கார அம்மா, "கொண்டாந்து கொட்டறதும் நீங்க, தேடி வாறதும் நீங்களா?" என்றார். அடுத்த இடத்துக்கு வண்டியை எடுத்தேன்.

நண்பகல் ஆயிற்று. வேப்பமரத்தடியில் ஒரு வேல் நட்டிருந்தார்கள். அங்கே வண்டியை நிறுத்தினேன். பட்டியல் தீர்ந்துவிட்டது. "முருகா, முத்தையாவை உயிரோடு கொடு" என்று மட்டும் கேட்டேன். அழுதேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அழுது முடிப்பதற்குள் போன் வந்தது. ஆட்டம் வைப்பதற்காக என் நம்பரை வாங்கி வைத்திருந்த அதே இளநீர் வண்டி டிரைவர்.

"ஏனுங்க, உங்க கோல்கீப்பரு இங்க ரோட்டோரம் உழுந்து கெடக்கறாருங்க. வாயில நொரை. குடிச்சுட்டுக் கெடக்கறான்னு எல்லாருந் தாண்டிப் போறாங்க. நானுந் தாண்டித்தான் போனனுங்க. அப்பறந்தான் மொகம் நெனப்பு வந்துது. என்ர பெனால்டியப் புடிச்ச ஆளாச்சேன்னு வண்டியத் திருப்புனனுங்க."

அவரே இளநீர்க் குலைகளை ஒதுக்கி இடம் செய்து, முத்தையாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். மாலையில் முத்தையா கண் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் தமிழ்நாட்டுக்காரனாம்ல தாயி. இன்னைக்குத்தான் சொன்னாக."

தாண்டிப் போன ஒரு மனிதர் திரும்பி வந்ததற்கு என் படிப்பில் விளக்கம் இல்லை. அவரைத் திருப்பியது முருகன்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். நன்றி சொல்லாமல் எனக்கு இப்போது பொழுது விடிவதில்லை.

முத்தையா இன்று அந்த டிரைவரின் இளநீர்க் கிடங்கில் தங்குகிறார். மாத்திரை அவர் கையிலேயே இருக்கிறது. மற்ற இருவர் மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு இடத்தில் இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள். யார் எங்கே படுக்கிறார் என்று நான் இனி எங்கும் எழுதுவதில்லை. திருவிழா நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை.

நான்காவது ஆள் ஆறுச்சாமி வரவில்லை.

முருகன் நான் கேட்டதைக் கொடுத்தான். நான் கேட்டது ஒரே ஒரு பெயர். வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் நால்வர் என்று தெரிந்தும், கோல்கீப்பரை மட்டும் கேட்டேன். இந்தக் கசப்பு என்னை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் வேண்டவும் இல்லை.

அவனை நம்பிக் கேளுங்கள், கொடுப்பான். எனக்குக் கொடுத்தான். இன்று தீபாராதனையின்போது ஆறுச்சாமியின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது காது கேட்காது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். எதிரே போய் நின்று பேச வேண்டும். அன்று நீல ஜெர்சி போட்டிருந்தார்.

விழாக் குழுவில் இருந்தவர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டுகிறேன். பஜனை முடிந்ததும் வாசலில் நிற்பேன். அவரை எந்த இடத்தில் இறக்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.