அவள் பெயருக்குக் கீழே என் பெயர்

அடுத்தவள் தோற்க வேண்டும் என்று ஜெபித்தவள் நான். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டுச் சொன்னால் அது சாட்சியே இல்லையே!

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மதுரைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் கல்லூரியிலோ எவ்வளவு மார்க் எடுத்தாலும் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குத்தான் 'ஏ' கிரேடு. 'ஏ' இல்லாதவர்களை நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள் என்று பேச்சு. நான் எப்போதும் ஆறாவது.

கடைசி வருஷம் மீனாட்சிக்கு அம்மை போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், வகுப்பில் நான்காவதாக வருபவள். மூன்று வாரம் கல்லூரிக்கு வரவில்லை. என் நோட்டைக் கேட்டு ஒரு தோழியை அனுப்பினாள். வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். நோட்டு என் பையில்தான் இருந்தது. கர்த்தரே வழி திறந்தார் என்றுகூட நினைத்தேன், பாருங்கள்!

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக்குறிப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'ஏ' கிரேடு வேண்டும் என்றேன். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் கிரேஸ் அக்கா விடவில்லை.

"எம்புட்டு மார்க் வேணும்னு சொல்லு. அம்புட்டுக்கும் ஜெபிச்சிருவோம்."

"மார்க் இல்லக்கா. நான் எம்புட்டு எடுத்தாலும் மத்த பிள்ளைக எனக்குக் கீழ இருக்கணும்."

"ஏட்டி! அப்போ அந்தப் பிள்ளைக தோக்கணும்னா நாங்க முழங்கால் போடணும்? என் மூட்டு வலிக்கு அது கட்டுப்படியாகாது, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மடவார் வளாகத்தில் அவள் வீடு. வாசலில் வேப்பிலை இன்னும் தொங்கியது. பொய் சொன்னதை அவளிடம் ஒத்துக்கொண்டேன்.

"தெரியும்ட்டி. நோட்டு உன் பையில இருந்ததை நான் அனுப்பின பிள்ளை பாத்துட்டுத்தான் வந்தா. சரி, உள்ள வா."

பரீட்சை வரை இருவரும் சேர்ந்தே படித்தோம். இரண்டு பேருக்காகவும்தான் ஜெபித்தேன்.

முடிவு வந்தது. மீனாட்சிக்கு 'ஏ'. எனக்கு 'பி'. மறுபடியும் ஆறாவது!

"நல்லது செஞ்சதுக்கு இதுதானா ஆண்டவரே?" என்று சண்டை போட்டேன். இரண்டு நாள் வேதத்தைத் தொடவில்லை. அம்மா ஜாதகம் பார்க்காத குறையாக மாப்பிள்ளைகளை அலச ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மீனாட்சி தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர் கோர்ட்டில் குமாஸ்தா.

"கிரேடுக்குப் பின்னால மார்க்குன்னு ஒண்ணு இருக்கும்ல தாயி? அதை எழுதி வாங்கி விண்ணப்பத்தோட வச்சு அனுப்பு."

எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை! கல்லூரிக்கு மீனாட்சியும் கூட வந்தாள். துறைத்தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். எண்பத்தெட்டு.

"இந்த வருஷம் எல்லாரும் நல்லா எழுதிட்டீங்கம்மா. போன வருஷம்னா இதுக்கு 'ஏ' விழுந்திருக்கும்" என்றார். அதையே கடிதமாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஜூலையில் பல்கலைக்கழகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மீனாட்சியின் பெயர் இருந்தது. அதற்கு நேர் கீழே என் பெயர். அவளுக்குக் கீழே வரக்கூடாது என்றுதானே நோட்டை ஒளித்தேன்! அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். மீனாட்சி ஆண்டாளைக் கும்பிட்டாள்.

இன்று நான் கணக்கு டீச்சர். மன நிறைவோடு இருக்கிறேன். உங்கள் பிள்ளைக்காக ஜெபக்குறிப்பு எழுதும்போது பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் பெயரை முதலில் எழுதிப் பாருங்கள். கீழே உங்களுக்கும் இடம் இருக்கும். எனக்கு இருந்தது.