வராத அனாவின் கதிரை

போன வாரம் ஆர்ச்வேயில் டாக்டரிடம் போயிருந்தேன். வரவேற்பறைப் பெண் ஒரு பெயரை இரண்டு முறை கூப்பிட்டாள்; ஒருவரும் எழவில்லை. யாரடா இந்தச் செவிடன் என்று நானும் சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் முறைதான் உறைத்தது, அது நான். இந்த நாட்டில் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன்.

அந்த அமைதி எனக்குப் பழையது. தொண்ணூறுகளில் இதே ஊரில், எங்கள் பள்ளியில், இங்கிலீஷ் வராத பிள்ளைகளை மைதானத்து ஓரம் ஒரு பலகைக் கொட்டிலில் வைத்திருந்தார்கள். நனைந்த கம்பளமும் காஸ் ஹீட்டரும் கலந்த மணம். காலையில் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது, "அனா ரோகாஸ்" என்றால் என் பக்கத்து மேசைக் கொலம்பியாக்காரி கை தூக்குவாள். "அனா மெண்டோசா" என்றால் ஹீட்டர் மட்டும் சீறும். எல்லோரும் கடைசி வரிசையில் இருந்த வெறும் கதிரையைப் பார்ப்போம். ஒரு நாள் அது கொஞ்சம் நகர்ந்திருந்தது என்று என் கூட்டாளி சிவா சத்தியம் செய்தான்.

இரண்டு பேரும் அவள்தான். அவர்கள் ஊரில் தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டும் பிள்ளைக்குப் பின்னால் வரும். பள்ளி அலுவலகம் இரண்டு பிள்ளையாக்கிவிட்டது. கொட்டில்காரருக்குக் கணக்குச் சோதனையில் சுலபமான சின்னத் தாள்தான். எல்லாம் சரியாக எழுதினாலும் D-க்கு மேல் கிடையாது. கணக்கில் புலியான ரோகாஸுக்கும் அதே. ஆனால் கணக்கு டீச்சர், யாருக்கும் சொல்லாமல், மெண்டோசாவை A வரை கிடைக்கும் பெரிய தாளுக்குப் பதிந்திருந்தார். இருவரும் ஒருத்திதான் என்று அலுவலகத்தில் சொன்னால், இருவரையும் ஒன்றாக்கிச் சின்னத் தாளில் போட்டுவிடுவார்கள்.

ஒரு காலை வகுப்பு டீச்சர் தலை நிமிராமலே, "இன்றும் மெண்டோசா வராவிட்டால் பெயரை வெட்டுவேன்" என்றார். அனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யெஸ் மிஸ்" என்று கீச்சிட்டேன்.

"டேய், பேய்க்கும் நீயே வாய் குடுக்கிறாய்?" என்றான் சிவா.

"ஓம். அதுக்கு இங்கிலீஷ் வராதாம்."

தினமும் கீச்சிட்டேன். ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை. மறுநாள் பயந்துகொண்டே கேட்டேன்.

"மெண்டோசா நேற்றும் வந்தவள்" என்றான் சிவா.

"ஆர் சொன்னது? நீயோ?"

"நான் இல்லை. அனாவும் இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். பின்னாலதான் கேட்டது."

சோதனை நாளில் அனா என் பக்கத்தில் அமரவில்லை. நேராக முன்வரிசைக்குப் போய், மெண்டோசாவின் மேசையில் இருந்தாள். கண்காணிப்பாளர் பாஸ்போர்ட்டைப் புரட்டி, அதில் மெண்டோசாவும் இருக்கவே, சரியென்று தலையசைத்தார். என் பக்கத்தில் ரோகாஸின் தாள் பிரிக்காமல் கிடந்தது. இரண்டு மணி நேரமும் அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. என் கணக்குகள் பிழையாகிப் போனதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொன்னேன், நம்பவில்லை.

மெண்டோசாவுக்கு A வந்தது. அவள் மேலே படிக்கப் போனாள். கொட்டிலை இடித்துவிட்டார்கள், பள்ளியும் இப்போது அடுக்குமாடி. ரோகாஸ் என்று கொட்டிலில் இருந்த பிள்ளையின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டதோடு சரி. எங்கே போனாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.