பாட்டில் அக்காவின் ரகசியப் புகார்

பிரேக் வயரைக் கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டில் அக்கா ஸ்கூட்டரைக் கிளப்புவார். "பல்லு விளக்குற மாதிரி இதுவும் ஒரு வேலைங்க" என்பார், கைக் கறையைத் துடைத்தபடி.

நகரக் குடிநீர் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். எங்கே போனாலும் பையில் இரண்டு காலி பாட்டில்கள், தண்ணீர் மாதிரி எடுக்க. பெயர் வந்தது அப்படித்தான். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கொடுத்தவர் முகம் சுருங்கினால், "உங்களைச் சந்தேகப்படலைம்மா, குழாயைத்தான்" என்று சிரிப்பார்.

சென்ற வருஷம் அந்தக் குழாயில் குரோமியம் என்ற நச்சு உலோகம் வந்தது, அனுமதித்த அளவைப்போல் எட்டு மடங்கு. ஆற்றோரத்தில் உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்று இருக்கிறது; அதன் கழிவு ஆற்றில்தான் கலக்கிறது. "போன மாச ரீடிங்கையே எழுதிடுங்க" என்றார் மேலதிகாரி. "தண்ணி போன மாசத்துதா சார்?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளதை எழுதினார். மறுநாள் பதிவேட்டில் அந்தப் பக்கத்தையே காணோம். நல்லவேளை, நகல் அவரிடம் இருந்தது.

முறைகேடுகளை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். 'புகார்தாரர் பெயர் ரகசியமாக வைக்கப்படும்' என்று அங்கே சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? அக்காவின் கடிதத்தைப் பெயரோடும் வீட்டு முகவரியோடும் அப்படியே ஆலைக்கு அனுப்பி, 'விளக்கம்' கேட்டார்கள்! விளக்கம் ஒன்பதாம் நாள் வந்தது. பிரேக் வயரை அறுத்துவிட்டிருந்தார்கள். இறக்கத்தில் ஸ்கூட்டர் நிற்காமல் ஓடி, மணல் குவியலில் மோதியதால் அக்கா பிழைத்தார்.

தையல்காரரான கணவர், "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு?" என்று கத்தினார். கத்திக்கொண்டே, நகலை மறைத்து வைக்க அக்காவின் பையில் உள்ளறை ஒன்று தைத்தும் கொடுத்தார்.

அந்த நகலை அக்கா ஒரு வாரப் பத்திரிகை நிருபரிடம் கொடுத்தார். செய்தி வந்த மூன்றாம் நாள், பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில் வைத்து நிருபரின் வலது கையை இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தார்கள். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டது: 'தவறி விழுந்த காயம்.'

அக்காவின் வீட்டுக்குப் பாதுகாப்பாக ஒரு காவலர் பத்து நாள் வந்தார். பதினோராம் நாள் நாற்காலி மட்டும் இருந்தது. அக்கா நிலையத்துக்கே போய்க் கேட்டார்.

"ஆள் பத்தலைம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆலை வாசல்ல நாலு போலீஸ் நிக்குறாங்களே சார். அங்க மட்டும் எப்படிப் பத்துது?"

இன்ஸ்பெக்டர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

இப்போது வேலை முடிந்ததும் அக்கா மருத்துவமனைக்குப் போகிறார். கட்டுப்போட்ட கையோடு படுத்திருக்கும் நிருபர் சொல்லச் சொல்ல, அடுத்த செய்தியை எழுதிக் கொடுக்கிறார். நான் பார்க்கப் போன மாலையிலும் அந்த வேலைதான் நடந்தது.

"பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் ஒருவர்..." என்றார் நிருபர்.

பேனா நின்றது. "இது யாரு தம்பி?"

"நீங்கதான்கா. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"எவனுக்குத் தெரியக்கூடாதோ அவனுக்கு என் பேரு தபால்லயே போயிருச்சு. தண்ணி குடிக்கிறவங்களுக்கு மட்டும் எதுக்கு ஒளிக்கணும்? நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா, யாருக்கு ஆச்சுன்னாவது ஊருக்குத் தெரிய வேணாமா?"

அக்கா 'பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்' என்பதை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே தன் பெயரை, இனிஷியலோடும் பதவியோடும், நிறுத்தி நிதானமாக எழுதினார்.