முகத்துவாரத்தைத் தப்பான இடத்தில் வெட்டிய பூங்காவனம் அக்கா

அன்று காலையில் என் ஐஸ் டிப்போவைத் திறந்தபோது, மீன்காரப் பெண்கள் கூடையை இறக்காமலே நின்றார்கள். "பூங்காவனம் அக்கா பூட்ச்சு நைனா" என்றாள் ஒருத்தி. கும்மிடிப்பூண்டி மீன் அங்காடியில் அவரிடம் வாய் கொடுத்து மாட்டிய உங்கள் எல்லோரையும் போல நானும் அவர் சாவை முதலில் நம்பவில்லை.

"ஊடு போறதுக்குள்ள தண்ணியா பூடுதே, உன் ஐஸு இன்னா நைனா, அழுவுதா?" என்று கேட்டுவிட்டு அக்காவே முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு கட்டி கூடப் போடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டது. கடல்நீர் உள்ளே வராவிட்டால் ஏரியில் இறால் இல்லை. குப்பங்களில் அடுப்பு எரியாது. வழக்கமாக எல்லோரும் சேர்ந்துதான் மணலை வெட்டிவிடுவார்கள். அந்த ஆண்டு, ஏரியில் வலை கட்டும் முறை யாருடையது என்று இரண்டு குப்பங்களுக்குள் சண்டை. முதலில் மண்வெட்டி எடுப்பவன் தோற்றவன் என்று ஆண்கள் பீடியோடு கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா ஒரு குப்பத்தில் பிறந்து மற்றதில் வாழ்க்கைப்பட்டவர். "அப்பன் ஊடும் புருஷன் ஊடும் மொறைச்சிக்கினு இருந்தா எறா வந்து பஞ்சாயத்து பண்ணுமா?" என்று இரு பக்கமும் கேட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

மறுநாள் பெண்களைக் கூட்டிப்போய் மீன் கூடையால் மணலை அள்ளத் தொடங்கினார். ஐஸ் கொண்டுபோன நானும் பார்த்தேன். நல்ல மேடு, அங்கே தோண்டினால் அடுத்த பொங்கல் வந்தாலும் தண்ணீர் வராது.

"அங்க இல்லம்மா!" என்று ஒரு குப்பத்து ஆண்கள் கத்தினார்கள். "தெக்கால வெட்டும்மா!" என்றார்கள் மற்றவர்கள். அக்கா காதில் வாங்கவே இல்லை. பொறுக்கமாட்டாமல் இரு பக்கமும் மண்வெட்டியோடு ஓடி வந்து, சரியான இடத்தில் சேர்ந்து வெட்டினார்கள். சாயங்காலம் கடல் உள்ளே பாய்ந்து, அக்காவின் சோற்றுப் பானையையும் அடித்துக்கொண்டு போனது. "போவட்டும்! இம்மா நாளு பட்டினி கெடந்த ஏரி துன்னட்டும்!" என்று தண்ணீரில் நின்று ஆடினார்.

தெரிந்தேதான் மேட்டில் வெட்டினீர்களா என்று பிறகு கேட்டேன். "தெரிஞ்சேதான் நைனா. சரியா வெட்டியிருந்தா பாத்துக்கினே குந்தியிருப்பானுங்க."

இந்த ஆண்டும் மணல் அடைத்திருந்தது. இப்போது சண்டை ஒன்றும் இல்லை. இருந்தும், அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் பெண்கள் நேராக அந்த மேட்டுக்குப் போய்க் கூடையால் தோண்டத் தொடங்கினார்கள். அது அக்காவின் தந்திரம் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு குப்பத்து ஆண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, "அங்க இல்லம்மா!" என்று மண்வெட்டியோடு ஓடினார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கூச்சல்தான்.